மனிதனின் ஜீனுக்குப் பட்டா உண்டா?



ஒருவன் கடலில் மூழ்கி, மூச்சடக்கிச் சிப்பியைக் கொண்டுவந்து, அதைப் பிளந்து முத்தை எடுக்கிறான். அந்த முத்து அவனுடையது, பாடுபட்டவன் அவன். இதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் அவன் கரையில் நின்றுகொண்டு, "சிப்பிக்குள் முத்து இருக்கிறதென்று முதலில் கண்டவன் நான். ஆகையால் இனி இருபது வருஷத்துக்கு என் அனுமதியில்லாமல் ஒருவனும் எந்தச் சிப்பியையும் திறந்து பார்க்கக்கூடாது" என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? சிரிக்கும். அடுத்தவன் வீட்டுச் சிப்பிக்கும் அவனே அதிகாரி என்று சொன்னாலோ, சிரிப்பு போய்ச் சண்டை வரும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2009-ம் ஆண்டு முதல் 2013-ம் ஆண்டு வரை நடந்த ஒரு பெரிய வழக்கில் ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான் நீதிபதிகள் விசாரித்தார்கள். அங்கே சிப்பி மனித உடல், முத்து, ஜீன். தூரத்து நாட்டுக் கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். புற்றுநோய் எட்டிப் பார்க்காத குடும்பங்கள் குறைவு. அந்த வழக்கின் நடுவிலே நின்றதும் அந்த நோய்தான்.

முதலில் ஜீன் என்பது என்னவென்று அறிந்துகொள்வோம். நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வோர் அணுவிலும் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தகப்பனிடமிருந்து வந்தது. மற்றது தாயிடமிருந்து வந்தது. இவற்றுக்குள் சுருண்டு கிடப்பது டி.என்.ஏ. என்னும் மிக நீண்ட நூல். நான்கே எழுத்துக்களைத் திரும்பத் திரும்பக் கோத்து எழுதிய ஒரு பெரிய புத்தகம் என்று அதை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு ஜீன். மொத்தம் சுமார் 22,000 அத்தியாயங்கள். கண்ணின் நிறம் முதல் இரத்தத்தின் வகை வரை இவற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

இவற்றுள் இரண்டின் பெயர் பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்பன. டி.என்.ஏ. நூல் எங்காவது அறுந்துபோனால் அதை ஒட்டிச் செப்பனிடுவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இந்த ஜீன்களிலேயே பழுது இருந்தால் செப்பனிடும் வேலை கெட்டு, மார்பிலும் சூற்பையிலும் புற்றுநோய் தோன்ற வழி ஏற்படுகிறது. அமெரிக்காவில் சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு ஆயுளில் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. இந்தப் பழுதுள்ளவர்களுக்கு அது 50 முதல் 80 வரை உயரக்கூடும் என்று தீர்ப்பிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். இங்கே தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பழுது தாய்வழியாக மட்டுமே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, தகப்பன் வழியாகவும் வரும். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்து சேர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.

சில குடும்பங்களில் இந்நோய் வழிவழியாக வருவதற்கு ஒரு ஜீன் காரணம் என்பதைப் பல வருஷம் உழைத்துக் காட்டியவர் மேரி கிளேர் கிங் என்னும் பெண் விஞ்ஞானி. அந்த ஜீன் 17-வது குரோமோசோமில் இருக்கிறதென்று அவர் 1990-ல் அறிவித்தார். தெரு தெரிந்துவிட்டது, வீட்டு நம்பர்தான் தெரியவில்லை. உடனே பல தேசத்து ஆராய்ச்சியாளரும் ஓட்டப்பந்தயம் போல அதைத் தேட ஆரம்பித்தார்கள். யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டி நகரில் மார்க் ஸ்கோல்னிக் முதலானோர் 1991-ல் தொடங்கிய மிரியாட் ஜெனிடிக்ஸ் கம்பெனியாரும், அவர்களோடு சேர்ந்த பல்கலைக்கழகத்தாரும், அரசாங்க ஆராய்ச்சியாளரும் 1994-ல் முந்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் இரண்டாவது ஜீனும் அகப்பட்டது. அதை முதலில் கண்டது யார் என்பதில் இங்கிலாந்து விஞ்ஞானிகளுக்கும் இவர்களுக்கும் வழக்கு உண்டு, அதை விட்டுவிடுவோம்.

கண்டுபிடித்தவர்கள் பேட்டண்ட் கேட்டார்கள், கிடைத்தது. பேட்டண்ட் என்பது கெட்ட காரியமல்ல. அது அரசாங்கம் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம்: "நீ புதிதாகச் செய்ததை ஒளிக்காமல் ஊருக்குச் சொல். அதற்குப் பதிலாக, விண்ணப்பித்த நாள் தொட்டு இருபது வருஷம் உன் அனுமதியின்றி வேறொருவர் அதைச் செய்யாதபடி பார்த்துக்கொள்கிறேன்." அறிவாளியின் உழைப்புக்குக் கூலியும் கிடைக்கிறது, அறிவும் உலகத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் இது புதிதாக உண்டாக்கியவனுக்கு உரிய சலுகை. ஏற்கெனவே இருந்ததைக் கண்டவனுக்கு உரியதா? வழக்கின் ஆணிவேர் இதுதான்.

அந்தக் கம்பெனி வாங்கிய உரிமை, ஜீனைச் சோதிக்கும் ஒரு கருவிக்கு மட்டுமல்ல. உடலிலிருந்து பிரித்தெடுத்த ஜீனுக்கே. ஜீனைப் பிரித்தெடுக்காமல் அதைப் பரிசோதிப்பது அக்காலத்தில் நடவாத காரியம். ஆகவே அமெரிக்காவில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமென்றால் அந்த ஒரே வாசல்தான். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலும் நியூயார்க்கிலும் இந்தச் சோதனையில் ஈடுபட்டிருந்த டாக்டர்களுக்கு 1990-களின் இறுதியிலேயே கம்பெனியின் கடிதம் போனது, மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கட்டணம் 3,000 டாலருக்கு மேல். நடிகை ஆஞ்சலினா ஜோலி தமக்கு இந்தப் பழுது இருப்பதை 2013 மே மாதம் பத்திரிகையில் எழுதியபோது, இவ்வளவு செலவு பல பெண்களுக்குத் தடையாயிருக்கிறதென்று குறிப்பிட்டது பலருக்கு நினைவிருக்கலாம்.

பணம் மட்டுமே தடை என்று எண்ண வேண்டாம். வழக்குத் தொடுத்தவர்களில் பெண்கள் ஆறு பேர். ஒருத்தி, தான் சேர்ந்திருந்த ஏழைகளுக்கான இன்ஷூரன்ஸைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளாததால் சோதனை செய்துகொள்ள முடியாமல் நின்றாள். மற்றொருத்திக்குச் சோதனை நடந்தது. பழுதுண்டு என்று முடிவும் வந்தது. சூற்பைகளை எடுத்துவிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்குமுன் வேறோர் இடத்தில் இன்னொரு முறை பார்க்க விரும்பினாள். வேறோர் இடம் இல்லை. நாம் ஒரு பல்லைப் பிடுங்குவதற்குக்கூட இரண்டு டாக்டர்களைக் கேட்கிறோம். இந்தப் பெண்ணோ, தாய்மையைப் பற்றிய ஒரு பெரிய முடிவை ஒரே காகிதத்தை நம்பி எடுக்க வேண்டியிருந்தது.

2009 மே மாதம் மூலக்கூறு நோய்க்குறியியல் சங்கத்தாரும், வேறு மருத்துவச் சங்கங்களும், டாக்டர்களும், இந்தப் பெண்களும் சேர்ந்து நியூயார்க் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தது 7 பேட்டண்டுகளிலுள்ள 15 கோரிக்கைகளை. (பிற்பாடு அப்பீல் கோர்ட்டார், இத்தனை பேரில் வழக்காடத் தகுதியுள்ளவர் கம்பெனியின் கடிதம் பெற்ற ஒரே ஒரு டாக்டர்தான் என்று சொல்லிவிட்டார்கள். உடல் யாருடையதோ அவர்களுக்குத் தகுதி இல்லை! சட்டத்தின் நுட்பம் சில சமயம் இப்படித்தான் இருக்கிறது.) 2010 மார்ச் மாதம் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் பேட்டண்டுகள் செல்லா என்று தீர்ப்பளித்தார். 2011-ல் அப்பீல் கோர்ட்டு, மூவரில் இருவர் கருத்துப்படி, பிரித்தெடுத்த ஜீனுக்கு உரிமை உண்டு என்று அதை மாற்றியது. சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் பாருங்கள் என்று திருப்பி அனுப்ப, 2012-ல் அதே முடிவே வந்தது.

கம்பெனியின் வாதத்தை அலட்சியமாக நினைக்கக்கூடாது. அவர்கள் சொன்னது: "உடலுக்குள் ஜீன் தனியாக இல்லை. நீண்ட நூலோடு இணைந்திருக்கிறது. நாங்கள் இரு முனைகளிலும் ரசாயனப் பிணைப்பை அறுத்து அதைத் தனிப்பொருளாக்குகிறோம். இப்படிப்பட்ட தனிப்பொருள் இயற்கையில் எங்குமில்லை. ஆகவே இது எங்கள் கைவேலை." இதற்கு அவர்களுக்குப் பழைய ஆதாரமும் உண்டு. ஜப்பானியரான தாக்கமினே மிருகங்களின் சுரப்பியிலிருந்து அட்ரினலினைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தபோது, அதற்குப் பேட்டண்ட் செல்லும் என்று 1911-ல் லேர்னெட் ஹாண்ட் என்னும் பேர்பெற்ற நீதிபதி தீர்த்தார். 1980-ல், வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்பவர் எண்ணெயைச் சிதைக்கும்படி மாற்றியமைத்த நுண்கிருமிக்கும் உரிமை உண்டென்று சுப்ரீம் கோர்ட்டே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லியிருந்தது. இப்படியே ஏறக்குறைய முப்பது வருஷமாகப் பேட்டண்ட் ஆபீஸ் ஜீன்களுக்கு உரிமை வழங்கிக்கொண்டே வந்தது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, மனித ஜீன்களில் ஐந்தில் ஒரு பங்கு ஏதோ ஒரு பேட்டண்டில் கோரப்பட்டிருக்கிறதென்று கணக்கிட்டது. அந்தக் கணக்கைச் சிலர் மறுக்கிறார்கள். ஆனாலும் வழக்கம் வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை.

எதிர்த்தரப்பின் விடை எளிமையானது. உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரைக் காயவைத்தால் உப்பு பிரிகிறது. உப்பு கடலுக்குள் குவியலாகக் கிடக்கவில்லை என்பது மெய்தான். அதனால் உப்பளக்காரர் உப்பைச் சிருஷ்டித்தார் என்று சொல்லலாமா? வழக்கில் பேசப்பட்ட உவமை, மரத்திலிருந்து இலையைப் பறிப்பது. அரசாங்கத் தரப்பு வக்கீல் ஒருவர் மந்திர மைக்ராஸ்கோப் என்று ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னார்: அதை வைத்து உடலுக்குள் பார்த்தால், கோரப்படும் பொருள் அங்கேயே இருக்கிறதா? இருந்தால் அது மனிதன் உண்டாக்கியதல்ல.

2013 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் விவாதம் நடந்தபோது நீதிபதிகள் சமையலறைக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் போய்விட்டார்கள். மாவு, முட்டை, வெண்ணெய் சேர்த்துப் பிஸ்கட் சுட்டால் பிஸ்கட்டுக்கு உரிமை கேட்கலாம். மாவுக்கும் முட்டைக்கும் கேட்கலாமா என்றார் நீதிபதி சொட்டோமயோர் அம்மையார். கம்பெனி வக்கீல், மரத்துக்குள்ளிருந்து பேஸ்பால் மட்டையைச் செதுக்கி எடுப்பது போல என்றார். மட்டை மரத்துக்குள் மட்டையாகவா இருந்தது என்பதுதான் பிரதம நீதிபதியின் சந்தேகம்.

அதே வருஷம் ஜூன் 13-ந் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். ஜீன் இருக்குமிடத்தைக் கம்பெனி கண்டது மெய். அது முக்கியமும் பயனுள்ளதுமான கண்டுபிடிப்பு என்பதும் மெய். ஆனால் சுற்றியுள்ளதிலிருந்து பிரித்தெடுப்பது மட்டும் புதிதாக ஒன்றை உண்டாக்கியதாகாது. எவ்வளவு மேலான கண்டுபிடிப்பானாலும் அது மாத்திரம் போதாது என்று தீர்ப்பு சொன்னது.

அந்தத் தீர்ப்பில் என் மனத்தைப் பிடித்த இடம் ரசாயனத்தைப் பற்றியது. பிணைப்பை அறுத்ததால் புதிய பொருள் என்றீர்களே. உண்மையிலேயே நீங்கள் கோருவது அந்த ரசாயனப் பொருளையா? பி.ஆர்.சி.ஏ.-1 ஜீனில் சுமார் 80,000 எழுத்துக்கள் உள்ளன. யாராவது அதோடு இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்துப் பிரித்தெடுத்தால் ரசாயனப்படி அது வேறு பொருளாகிவிடும். உங்கள் உரிமையை மீறியதாகாது. அப்படி ஒருவன் தப்பிக்க நீங்கள் விடமாட்டீர்கள். ஆகையால் நீங்கள் காவல் காப்பது பொருளையல்ல, அதில் எழுதியிருக்கும் செய்தியை. செய்தியை எழுதியவர் நீங்களல்ல. முத்துக் குளிப்பவனின் கதைக்கு மறுபடியும் போனால், அவன் கையிலுள்ள முத்தைப் பற்றி வழக்கே இல்லை. எல்லார் சிப்பிக்குள்ளும் என்ன இருக்கிறதென்று பார்க்கும் பார்வையைப் பற்றித்தான் வழக்கு.

தீர்ப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஜீன் என்னும் அத்தியாயத்தில் பயனுள்ள வரிகளுக்கு நடுவே, புரதம் செய்ய உதவாத வரிகள் நிறைய வருகின்றன. 80,000 எழுத்தில் பயனுள்ள பகுதி சுமார் 5,500 எழுத்துத்தான். சோதனைச்சாலையில் அந்த வரிகளை மட்டும் தொகுத்து ஒரு சுருக்கமான பிரதி செய்யலாம், அதற்கு சி-டி.என்.ஏ. என்று பெயர். அது மனிதன் செய்தது, ஆகையால் அதற்கு உரிமை உண்டு என்றார்கள். பதநீர் பனை தந்தது. கருப்பட்டி மனிதன் காய்ச்சியது என்பது போல. நியாயந்தான். ஆனாலும் கருப்பட்டியின் இனிப்புப் பதநீரிலிருந்து வந்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வழக்குத் தொடுத்தவர்களும், எழுத்துக்களின் வரிசையை வகுத்தது இயற்கைதான் என்று வாதித்தார்கள். எனக்கும் இந்த இடத்தில் முழுத் திருப்தி இல்லை.

நீதிபதி ஸ்காலியா செய்ததையும் சொல்லவேண்டும். தீர்ப்பின் முடிவுக்குச் சம்மதித்த அவர், அணு உயிரியலின் நுண்ணிய விவரங்கள் அடங்கிய பகுதியில் மட்டும் சேரவில்லை. அவற்றை மெய்யென்று என் சொந்த அறிவினாலோ, நம்பிக்கையினாலோகூட உறுதிப்படுத்த என்னால் முடியாது என்று எழுதிவைத்தார். சிலர் அவரை அதற்காகப் பரிகசித்தார்கள். நான் பரிகசிக்க மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று தீர்ப்பிலேயே எழுதும் நீதிபதியிடம் என் வழக்கை நான் தைரியமாகக் கொண்டுபோவேன்.

திருச்சபையின் குரல் இதில் எங்கே என்று கேட்பீர்கள். இந்த வழக்குக்கு வெகு முன்பே, 1994 அக்டோபரில், பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் தமது விஞ்ஞானக் கழகத்தாரிடம் பேசுகையில், ஜீன் கண்டுபிடிப்புகளுக்குப் பேட்டண்ட் எடுக்க மறுத்த ஆராய்ச்சியாளர்களைக் குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார்; மனித உடல் இஷ்டப்படி கையாளும் பொருளல்ல என்பது அவர் சொன்ன காரணம். பேட்டண்ட் என்னும் ஏற்பாட்டையே திருச்சபை கண்டிக்கிறதென்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தீர்ப்பு வந்த அன்றே வேறு சோதனைச்சாலைகள் இந்தச் சோதனையை நாங்களும் செய்வோம் என்று அறிவித்தன. ஒன்று 995 டாலர் என்றது. கம்பெனி சும்மா இருக்கவில்லை. மீதமிருந்த கோரிக்கைகளைக் காட்டி அடுத்த மாதமே போட்டியாளர்மீது வழக்குத் தொடுத்தது. 2014 டிசம்பரில் அங்கேயும் தோற்றது. ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் பக்கத்தில் இந்நோயை அனுபவித்த ஒரு பெண்மணி தொடுத்த வழக்கில், 2015 அக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றமும் ஒருமுகமாக அப்படியே தீர்த்தது. ஐரோப்பாவில் வேறு வழி. அங்கே 1998-ம் வருஷத்துக் கட்டளைப்படி உடலுக்குள் இருக்கும் ஜீனுக்கு உரிமையில்லை. பிரித்தெடுத்ததற்கு, அது இயற்கையிலுள்ளதைப் போலவே இருந்தாலும், உரிமை கிடைக்கலாம். நம் இந்தியச் சட்டமோ, இயற்கையில் உள்ள பொருளைக் கண்டுபிடிப்பது மட்டும் உரிமைக்குரிய புதுப்பொருள் ஆகாதென்று சொல்கிறது.

இத்தோடு பெண்களுக்கு வெற்றி, கதை முடிந்தது என்று சொல்ல ஆசைதான். முடியவில்லை. பழுது என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை. புத்தகத்தில் ஆயிரக்கணக்கான வகை எழுத்துப்பிழைகள் உண்டு. சில கெடுதலானவை, சில ஒன்றும் செய்யாதவை. எது எப்படி என்பது பல குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் தெரியவரும். வருஷக்கணக்காக ஒரே வாசலாக இருந்த கம்பெனியிடம் இந்த அனுபவம் மலைபோலச் சேர்ந்தது. பொதுவான களஞ்சியத்துக்கு அதைக் கொடுத்துவந்த கம்பெனி, 2004 வாக்கில் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. பேட்டண்டை நீதிமன்றம் ரத்துசெய்யலாம். பெட்டியில் பூட்டிய இரகசியத்தை ரத்துசெய்ய முடியாது. பேட்டண்டாவது இருபது வருஷத்தில் முடிந்துபோகும், ஊருக்குச் சொல்லவும் வேண்டும். இரகசியத்துக்குக் கெடுவுமில்லை, சொல்லவேண்டிய கடமையுமில்லை. "உங்கள் ஜீனில் ஒரு மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் நிச்சயமில்லை" என்று முடிவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண்ணுக்கு, அந்தப் பொருள் வேறெங்கோ ஒரு பெட்டியில் இருந்திருக்கலாம்.

கம்பெனி பக்கத்திலும் ஒரு நியாயம் நிற்கிறது. பணம் போட்டவர் பலன் கேட்பது பாவமல்ல. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு அவர்கள் உதவித் திட்டம் வைத்திருந்ததும் உண்டு. உரிமை இல்லாவிட்டால் நாளைக்கு யார் தேடுவார் என்ற கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. 2023-ல் அமெரிக்கச் செனட்டர் இருவர் கொண்டுவந்த மசோதா ஒன்று, உடலிலிருந்து பிரித்தெடுத்த ஜீனுக்கு மறுபடியும் வழி திறந்துவிடுமென்று பல மருத்துவச் சங்கத்தார் அஞ்சி எதிர்த்தார்கள்.

2013-ல் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் கிளின்வார் என்ற பொதுக் களஞ்சியத்தைத் திறந்தது. எந்தச் சோதனைச்சாலையும் தான் கண்ட மாற்றங்களை, ஆளின் பெயரை வெளியிடாமல், அதில் சேர்க்கலாம். எந்த நாட்டு டாக்டரும் பணமின்றிப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் தாய், சகோதரி, அத்தை, சித்தி என்று இளவயதில் இந்நோய் கண்டவர்கள் இருந்து, இந்தச் சோதனையை டாக்டர் சொன்னால், பயப்படாமல் அவரிடமே சில கேள்விகளைக் கேளுங்கள்: சோதனைக்கு முன்பும் பின்பும் விளக்கிச் சொல்ல ஆளிருக்கிறதா? "நிச்சயமில்லை" என்று முடிவு வந்தால் சில வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்துச் சொல்வீர்களா? எங்கள் இரத்தத்திலிருந்து கண்டதைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பீர்களா, அல்லது பெட்டியில் வைத்துக்கொள்வீர்களா?